வடக்குப் பக்கமாவே நட: கத்திரி வெயிலில் மதுரை, நான்கு நாள்

முதல் நாள்

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைப்பது மே மாதத்தில்தான். மதுரையை நடந்தே பார்க்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசைக்கும் அதனால் மே மாதம்தான் வாய்த்தது. சென்னையில் யாரிடம் சொன்னாலும் "கத்திரியிலயா?" என்றுதான் கேட்டார்கள். கத்திரி தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார். திருவிழாக் கூட்டம் வடிந்து, ஊர் கொஞ்சம் மூச்சு வாங்குகிற நேரம்.

விடிகாலையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்து நின்றபோது பெரியப்பா பிளாட்பாரத்தில் காத்திருந்தார். எழுபத்து நாலு வயது. முப்பத்தோரு வருஷம் தபால்காரர். மாசி வீதிகளும் அவற்றுக்குள் பின்னிக் கிடக்கிற சந்துகளும்தான் அவருடைய பீட். மெயின் ரோட்டில் சைக்கிள், சந்துக்குள் கால்நடை. ஆட்டோக்காரர் ஒருவர் என் பையைப் பார்த்து நெருங்கி வந்ததும், "வேணாம்ப்பா, நடந்துருவோம்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்ப நடந்தாத்தாம்மா உண்டு. ஒம்பது மணிக்கு மேல இந்த ரோட்டுல நிக்க முடியாது."

டவுன் ஹால் ரோட்டில் கடைகள் திறக்கவில்லை. தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிற வீட்டுக்குப் போனதும் பெரியம்மா காபி தரவில்லை. செம்பு நிறைய நீராகாரம் தந்தார். நேற்றைய சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர், கல் உப்பு, ரெண்டு சின்ன வெங்காயம். "இதக் குடிச்சிட்டு எங்கிட்டு வேணாலும் போ. காபிய வந்து குடி."

ஏழு மணிக்குக் கிளம்பினோம். மதுரைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நடுவில் மீனாட்சி கோயில். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. ஒன்றுக்குள் ஒன்று வைத்த சதுரங்கள். கோட்டை இருந்த காலத்து எல்லையைச் சுற்றி வெளி வீதி. ஆக, ஒவ்வொரு பேருக்கும் நாலு தெரு. அவற்றில் இரண்டு கிழக்கு மேற்காக ஓடும், இரண்டு தெற்கு வடக்காக ஓடும். நிழல் தேடி நடக்கிறவருக்கு இதைவிட வசதியான ஊர் அமைப்பு கிடையாது என்பது பெரியப்பாவோடு நடந்த அரை மணி நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

கீழ மாசி வீதியில் கிழக்கு வரிசையை ஒட்டியே நடந்தார். அது எனக்கும் தெரிகிறது, காலை வெயில் கிழக்கே இருந்து வருகிறது, அந்த வரிசைக் கட்டடங்களின் நிழல் தெருவில் விழுகிறது. சாயங்காலம் இதே தெருவில் மேற்கு வரிசை. ஆனால் வடக்கு மாசி வீதிக்குள் திரும்பியதும் யோசிக்காமல் குறுக்கே கடந்து வடக்கு வரிசைக்குப் போய்விட்டார்.

"ஏன் பெரியப்பா இங்கிட்டு?"

"சித்திர பொறந்து ரெண்டு மூணு நாளு, உச்சிக்கு நெழலே விழாது. அதுக்கப்புறம் சூரியன் வடக்க போயிரும். ஆவணி வரைக்கும் அங்கிட்டு இருந்துதான் அடிக்கும். அதனால வடக்குப் பக்கமாவே நட. மார்கழில வந்தேன்னா தெக்குப் பக்கம்."

நான் புவியியல் ஆசிரியை. மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் ஊரின் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வரும். பலகையில் படம் போட்டு எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். அதை ஒரு தெருவின் இரண்டு ஓரங்களாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. பெரியப்பாவுக்கு அட்சரேகை தெரியாது. கால் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மே நடுவில் உச்சி வேளையில் சூரியன் நடு உச்சியிலிருந்து ஒன்பது பாகை வடக்கே சரிந்திருக்கும். முப்பதடி உயரக் கட்டடத்துக்கு நாலரை அடி நிழல். ஒரு ஆள், ஒரு குடை, அவ்வளவுதான். ஆனால் அந்த நாலரை அடி காலையிலிருந்து மாலை வரை கலையாமல் வடக்கு வரிசையிலேயே இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஒன்பதடிக்கு மேலேயே இருக்கும். இன்னொன்று, மதுரைக்கு உச்சி என்பது கடிகாரத்துப் பன்னிரண்டு இல்லை, பன்னிரண்டே கால்.

எட்டரைக்குக் கோயிலுக்குள் போனோம். செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கை காலியானதும் கண் வேலை செய்யத் தொடங்கியது. ஆடி வீதிக் கருங்கல் அந்த நேரத்துக்கே பாதத்தைச் சுட்டது. வெள்ளைப் பூச்சு அடித்த பாதை ஒன்று இருக்கிறது, எல்லாரும் அதன்மேல் வரிசையாக நடக்கிறார்கள். ஒரு குழந்தை பூச்சின் விளிம்பில் ஒரு காலும் கல்லில் ஒரு காலுமாக வைத்து, வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தது. நானும் வைத்துப் பார்த்தேன். ஒரே வெயில், ஒரே கல், பூச்சுக்கு மேலே வெதுவெதுப்பு, பூச்சு இல்லாத இடத்தில் தோசைக்கல்.

உள்ளே ஆயிரங்கால் மண்டபம். 1569இல் அரியநாத முதலியார் கட்டியது, எண்ணினால் 985 தூண். சிற்பங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் தூணில் முதுகைச் சாய்த்து நின்றேன். இரவெல்லாம் ஆறிய கல் முதுகிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்கிறது. கனத்த கல்கூரை, கனத்த தூண்கள், வெளிச்சம் குறைந்த உள்வெளி. வெளியில் அடிக்கிற வெயில் அந்தக் கனத்தைத் தாண்டி உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பிறகு பொற்றாமரைக் குளத்துப் பிராகாரத்தில் உட்கார்ந்தோம். 165 அடிக்கு 120 அடி தண்ணீர், சுற்றிலும் தூண் வரிசை, குளத்துக்கு அந்தப்பக்கம் தெற்குக் கோபுரம். ஒரு காற்று வந்தது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, "சம்பளம் வாங்குன காலத்துல பதினோரு மணிக்கு இங்க பத்து நிமிஷம் உக்காந்துட்டுத்தான் மிச்சத் தபாலக் குடுப்பேன்" என்றார்.

நடை சாத்துவதற்கு வெகு முன்னாலேயே, பதினொன்றுக்கெல்லாம் வீடு. பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியே போவதில்லை என்பது இந்த வீட்டுச் சட்டம்.

மத்தியானம் பெரியம்மாவின் பானையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மானாமதுரைப் பானை. கூடத்து மூலையில் ஆற்று மணல் பரப்பி அதன்மேல் வைத்திருக்கிறார். மணலை ஈரமாகவே வைத்திருக்கிறார். பானையின் வயிற்றில் வியர்வை மாதிரி நுண்ணிய ஈரம். விரலால் துடைத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்ப அரும்புகிறது. அந்த ஈரம் காய்வதற்குத் தேவையான சூட்டைத் தண்ணீரிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. நம் உடம்பு வியர்த்து ஆறுவதும் இதே வழியில்தான். சென்னைக் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், என் வீட்டுப் பானை இந்த அளவுக்குக் குளிர்வதில்லை. மதுரைக் காற்று காய்ந்த காற்று. பானைக்கு நல்லது. "வருஷா வருஷம் சித்திரைக்குப் புதுப் பானை வாங்கிருவேன். பழசுல கண்ணு அடைச்சிப் போயிரும்" என்றார் பெரியம்மா. சோப்புப் போட்டுக் கழுவவே கூடாதாம். உள்ளே வெட்டிவேர் ஒரு முடிச்சு. குடித்தால் நாக்கில் மண்ணும் வேரும் கலந்த ஒரு வாசம், தொண்டை வரைக்கும் இறங்குகிற குளிர்ச்சி, பல் கூசாத குளிர்ச்சி.

இரண்டாம் நாள்

இன்று நான் ஒரு தவறு செய்தேன். அதை ஒளிக்காமல் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

காலை நன்றாகத்தான் தொடங்கியது. சென்னையிலிருந்து நான் கொண்டு வந்த சுடிதார்த் துணியைத் தொட்டுப் பார்த்த பெரியம்மா, "இது நைலான் மாதிரில்ல இருக்கு" என்று தன் சுங்குடிச் சேலையைக் கொடுத்தார். மதுரையின் சௌராஷ்டிரர்கள் கைகளால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற பருத்திச் சேலை. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. பெரியம்மாவின் சேலை துவைத்துத் துவைத்து மல்துணி மாதிரி ஆகியிருந்தது. வியர்வையை வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. பெரியப்பாவுக்கு முட்டி வலி, ஆகவே தனியாகக் கிளம்பினேன்.

விளக்குத்தூணைப் பார்த்துவிட்டு மகாலுக்குப் போனேன். கோட்டையை இடித்து வெளி வீதிகளை உண்டாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிற்கிற தூண் அது. திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது. இப்போது நிற்பது முன்பு இருந்ததில் ஒரு பகுதிதான். அதிலேயே 248 தூண். வாசலைத் தாண்டியதும் வெயில் கொட்டுகிற பெரிய முற்றம், அதைச் சுற்றி அண்ணாந்து பார்க்க வைக்கிற தூண் வரிசை. முற்றத்திலிருந்து தூண்களுக்குள் நாலு எட்டு வைத்தால் வேறு ஊர். கூரை அவ்வளவு உயரத்தில் இருப்பதால் சூடான காற்று மேலே போய்விடுகிறது. ஆள் நிற்கிற மட்டத்தில் புழுக்கம் இல்லை. ஆள் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத சுதைத் தூண்கள். புறாக்கள்கூட முற்றத்துப் பக்கம் வரவில்லை, உள் விளிம்புகளிலேயே உட்கார்ந்திருந்தன. சொர்க்க விலாசத்தின் விதானத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தேன்.

அங்கேயே இருந்திருக்க வேண்டும். அல்லது வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். உடம்பு குளிர்ந்துவிட்டது, தெம்பாக இருக்கிறது, காந்தி சிலை இருக்கிற காந்தி பொட்டல் பக்கம்தானே என்று பதினொன்றே முக்காலுக்குக் காமராசர் சாலையில் இறங்கினேன். காலையில் சாப்பிட்டது இரண்டு இட்லி. தண்ணீர் பாட்டில் காலி. நடுவில் ஒரு கலர் சோடா மட்டும் குடித்தேன். அது இனிப்பு, தாகத்தைத் தணிக்கவில்லை, தணித்த மாதிரி காட்டியது. காந்தி சிலை எங்கே என்று தேடிக்கொண்டே தெற்கு ஓரமாக நடந்தது இரண்டாவது பிசகு. கெண்டைக்கால் முதலில் இழுத்தது. பிறகு அந்த வெயிலில் கையில் மயிர்க்கூச்செறிந்தது, குளிர்கிற மாதிரி. எதிரே வந்த பஸ்ஸின் எழுத்துகள் கலங்கின.

வேப்ப மரத்தடியில் கம்பங்கூழ் வண்டி. அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வையிலேயே எழுந்துவிட்டார். "ஏத்தா, மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு. உக்காரு, உக்காரு மொதல்ல." பிளாஸ்டிக் நாற்காலியை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு, தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து என் பிடரியில் போட்டார். இரண்டு மணிக்கட்டிலும் தண்ணீர் ஊற்றினார். நான் அண்டாவில் இருந்த ஐஸ் தண்ணீரைக் காட்டினேன். தரவில்லை. உப்புப் போட்ட மோர், அதையும் "மடக்கு மடக்கா" என்று சொல்லித்தான் தந்தார். கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் கூழ்.

முந்தின நாள் காய்ச்சிப் புளிக்க வைத்த கம்பங்களி. உருண்டையைச் செம்பில் போட்டு, மோர் ஊற்றி, கையாலேயே கரைக்கிறார். கட்டி விரலுக்கிடையில் நசுங்கிக் கரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கல் உப்பு. தட்டில் மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், மாங்காய்க் கீற்று. வேர்வையில் போன உப்பும் தண்ணீரும் ஒரே செம்பில் திரும்பி வருகிறது, வயிறும் நிறைகிறது. முதல் மடக்கில் அந்தப் புளிப்பு நாக்கில் பட்டபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நூறு ரூபாய் நீட்டினேன். முப்பதை எடுத்துக்கொண்டு எழுபதைத் திருப்பித் தந்தார்.

தலை சுற்றல், தசை இழுப்பு, குமட்டல் என்றால் அப்படியே நின்றுவிட வேண்டும். நிழல், ஈரத்துணி, உப்புக் கலந்த நீர். வியர்ப்பது நின்று, தோல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வேறு கட்டம். தாமதிக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும், வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதையெல்லாம் பள்ளியில் முதலுதவி வகுப்பில் நானே சொல்லித் தந்திருக்கிறேன். கேட்டவர்கள் யாரும் என்னைப் போல் மறக்காமல் இருக்கட்டும்.

தெளிந்த பிறகு காந்தி சிலையைப் பார்த்தேன். 1921 செப்டம்பர் 22 அன்று, மேல மாசி வீதி வீட்டு மாடியில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறினார். கதர் வாங்கப் பணமில்லை என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் தந்த பதில் அது. அந்த உடையோடு மக்கள் முன் முதலில் நின்ற இடம் இந்தப் பொட்டல். அவர் வெயிலுக்காக அதை உடுத்தவில்லை. ஆனால் அந்தத் துணிதான் இந்த ஊர் வயற்காட்டிலும் தெருவிலும் உழைத்தவர்கள் வெயிலுக்கு உடுத்தி வந்த துணி. துண்டை நனைத்துப் பிடரியில் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தபோது அது எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். பெரியப்பா திட்டவில்லை. "தெக்குப் பக்கமா நடந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள்

பெரியப்பா தன் கூட்டாளியின் மகனை ஏற்பாடு செய்திருந்தார். ஐந்து மணிக்குப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்க் கீழக்குயில்குடியில் இறக்கிவிட்டான். மதுரைக்கு மேற்கே, தேனி சாலையிலிருந்து பிரிந்து போனால் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். ஆலமரத்தடியில் நின்றால் நேற்றைய வெயில் இந்த இடத்தைத் தொடவே இல்லையோ என்று தோன்றுகிறது. விழுதுகளுக்குள் இன்னும் இருட்டு.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் பேச்சிப்பள்ளம். வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. பக்கத்திலேயே ஒரு சுனை. இந்தப் பக்கத்து மலைகளில் துறவிகள் தங்கிய இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று இருக்கும்: சரிந்து தொங்குகிற பாறை, அருகே ஒரு சுனை, காற்று வருகிற திசையில் திறந்த வாய். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குகைகளில் பாறை நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள், மழைநீர் உள்ளே வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். உள்ளே தலைமாடு உயர்த்தி வெட்டிய கல் படுக்கை. மின்விசிறி இல்லாத காலத்தில் பாண்டிய நாட்டுக் கோடையை உட்கார்ந்தே கடந்தவர்கள் அவர்கள்.

மலையின் மறுபக்கம் செட்டிப்புடவு. குகைக்குள் போய்ப் பாறையில் உள்ளங்கையை வைத்தேன். வெளியே ஏழரை மணி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. உள்ளே பாறை பெரியம்மா பானையின் வயிறு மாதிரி இருந்தது. எட்டரைக்கு இறங்கிவிட்டேன். வெறும் பாறை மலை, ஒன்பது மணிக்கு மேல் இறங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இங்கே போகிறவர்கள் விடியலில்தான் போக வேண்டும்.

நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் சாலையோரத்தில் நுங்கு. ஒரு தாத்தா அரிவாளால் மூன்று வெட்டு, பனங்காய் திறந்துவிடுகிறது. பெருவிரலால் தோண்டி எடுத்து ஓலையில் வைத்துத் தருகிறார். இளநுங்கின் தோலைச் சிலர் உரித்துவிடுகிறார்கள். வேண்டாம், வேர்க்குருவுக்கு அதைத் தேய்ப்பார்கள், அத்தனை குளிர்ச்சி அதில். மூன்று காய் தின்றேன். அதுதான் காலைச் சாப்பாடு.

பகலில் தூக்கம். நாலரை மணிக்குப் பஸ் பிடித்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது. மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்பார்கள். மீனாட்சி கோயிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் இங்கே தோண்டும்போது கிடைத்தவர் என்பதும் ஊர்க் கதை. குளத்துக்கு வைகையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர். அந்த வைகை ஊருக்குள் மணலும் புல்லுமாகக் கிடப்பதைப் பார்த்திருந்ததால், குளத்தில் தண்ணீர் நின்றது பெரிய ஆறுதலாக இருந்தது. நடுவில் நீராழி மண்டபம், அதைச் சுற்றி மரங்கள்.

கைப்பிடிச் சுவரில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவு கூட்டம். யாரும் எதையும் வேடிக்கை பார்க்க வரவில்லை. காற்றுக்கு வந்திருக்கிறார்கள். ஒரு பாட்டி பேரனை மடியில் போட்டுக்கொண்டு குளத்தைப் பார்த்தபடி இருந்தார். "கரண்டு போனா தெருவே இங்கதாம்மா கிடக்கும்" என்று தானாகவே என்னிடம் சொன்னார். தண்ணீரைத் தொட்டு வருகிற காற்று இரண்டு மூன்று பாகை குறைந்து வருமா, இல்லை மனசுதான் அப்படி நினைத்துக்கொள்கிறதா என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன், வியர்வை காய்ந்திருந்தது. ஊரின் ஒவ்வொரு பேட்டைக்கும் இப்படி ஒரு நீர்நிலை வேண்டும். இருந்த கண்மாய்களில் பலவற்றின் மேல் கட்டடங்கள் நிற்கின்றன என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நான்காம் நாள்

காலையில் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் அரண்மனை. 1959இல் நேரு திறந்து வைத்தார். கனத்த சுவர், வளைவுகள், சுற்றிலும் மரம். மங்கம்மாள் என்றதும் இந்தப் பக்கத்தில் சாலைதான் நினைவுக்கு வரும், சாலையோரம் மரம், சத்திரம், தண்ணீர்ப் பந்தல். நடக்கிறவனுக்கு என்ன தேவை என்று ஆட்சியில் இருந்தவர் யோசித்திருக்கிறார். ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பேரில் சத்திரம் இன்னும் இருக்கிறது.

பெரியப்பா இன்று முட்டி பரவாயில்லை என்று கூட வந்தார். தம் பீட்டில் எந்த வீட்டுத் திண்ணையில் தண்ணீர் இருக்கும் என்று மனப்பாடமாக வைத்திருந்தாராம். "மேல ஆவணி மூல வீதில ஒரு ஆச்சி, நான் வர்ற நேரம் தெரிஞ்சு மோர எடுத்து வச்சிருக்கும். மணியார்டர் வந்தாலும் வராட்டியும்." அந்த வீடு இருந்த இடத்தைக் காட்டினார். நாலு மாடி லாட்ஜ், வாசல்வரை கண்ணாடி. திண்ணை இல்லை. ஷட்டர் இறக்கிய கடைகளுக்கு முன்னால் வெயிலில் வந்தவர் குந்துவதற்கு ஒரு சாண் இடம்கூடக் கிடையாது. சித்திரை வீதிகளில் வண்டிகள் வருவதைத் தடுத்துக் கல் பாவியிருக்கிறார்கள், நடப்பதற்கு அருமை, அதை மனதாரப் பாராட்டுகிறேன். அதோடு சேர்த்து நிழலும் தந்திருக்கலாம். பெரியப்பா வேறு எதையும் குறையாகச் சொல்லவில்லை, "ஒரு வேம்பு வச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் நிறைந்திருந்ததாகத்தான் என் சிறுவயது நினைவு. அண்மையில் அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இதற்கு வசந்த மண்டபம் என்று இன்னொரு பேர். வைகாசியில் வசந்த உற்சவத்துக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது, 124 தூண். வெயில் காலத்தில் அம்மனும் சுவாமியும் வந்து இளைப்பாறுவதற்கு. மண்டபத்தைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம், அதில் தண்ணீர் நிரப்பினால் தூண்களுக்கு இடையே வருகிற காற்று குளிர்ந்து வரும். சாமிக்கும் புழுங்கும் என்று நினைத்த ஊர் இது. சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறார்களே, அதுவும் அந்த அன்புதான்.

சாயங்காலம் ஜிகர்தண்டா. பால், வற்றக் காய்ச்சிய பாலாடை, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம், அடியில் ஊறிய பாதாம் பிசின். பிசின் ஒரு சிறு கட்டி இரவு முழுக்க ஊறினால் கிண்ணம் நிறைந்துவிடும், தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். ருசி என்றால் இதுதான். ஆனால் நடந்து களைத்தவருக்கு முதலில் மோர், பிறகுதான் ஜிகர்தண்டா. இனிப்பு தாகத்தைத் தீர்க்காது என்று இரண்டாம் நாள் எனக்குச் சொல்லிவிட்டது.

ரயிலுக்கு நேரம் இருந்தது. பெரியம்மாவுக்குப் பூ வாங்க நின்றோம். மல்லிகைக்கு இதுதான் காலம், அரும்பு குவிந்து கிடந்தது. பூக்காரர் ஈரச் சாக்கை விலக்கி, அளவுக்கு எடுத்து, உடனே மூடிவிடுகிறார். திறந்த சாக்கிலிருந்து ஒரு குளிர்ந்த மூச்சு முகத்தில் அடித்தது. கட்டிய பூவை வாழை இலையில் சுற்றித் தந்தார்.

எட்டு மணிக்கு ஸ்டேஷனை நோக்கி நடந்தோம். தூங்கா நகரம் என்பது கோடையில்தான் முழு உண்மை. பகலில் முடங்கிய ஊர் முழுக்க இப்போது தெருவில் இருந்தது. டவுன் ஹால் ரோட்டில் நுழைந்ததும் பெரியப்பா என் கையைப் பிடித்துக் குறுக்கே கடந்து வடக்கு ஓரத்துக்குக் கூட்டிப் போனார்.

"ராத்திரில என்ன பெரியப்பா வெயிலு?"

அவர் பேசவில்லை. மூடியிருந்த ஒரு கடைச் சுவரில் என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். சாதாரணமாக இருந்தது. பிறகு திரும்ப ரோட்டைக் கடந்து, தெற்கு வரிசையில் அதே மாதிரி ஒரு சுவர். வைத்த கையை எடுத்துவிட்டேன். பகல் முழுக்க வடக்கிலிருந்து அடித்த வெயில் மொத்தமும் அந்தச் சுவருக்குள் இருந்தது, பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகும்.

"விடிய விடிய விடும்" என்றார். திரும்பவும் வடக்கு ஓரத்துக்கு வந்து, பையைத் தோள் மாற்றிக்கொண்டு, ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.